மேடையின் ஓசையும் மக்களின் குரலும்



நம் பொன்விழா மலரில் பங்குத் தந்தையரின் வரலாறு உண்டு. கெபி எழும்பிய வரலாறு உண்டு. ஆலய மணி வந்த வரலாறும் உண்டு. மைக் செட்டின் வரலாறு மட்டும் இல்லையே என்று மலர்க் குழுவினரிடம் விளையாட்டாகச் சொன்னேன். "அப்படியானால் நீங்களே எழுதிக் கொடுங்கள் சார், பாடற்குழுவில் இத்தனை ஆண்டுகள் இருந்தவர் நீங்கள்தானே!" என்று அதை என் தலையிலேயே கட்டிவிட்டனர். எழுத உட்கார்ந்தபோதுதான் இது விளையாட்டுச் செய்தியன்று என்பது புரிந்தது. ஒலிபெருக்கியால் நம் பங்கு பெற்றதும் உண்டு. ஒரு காலத்தில் இழந்ததும் உண்டு. இழந்ததை மீண்டும் பெற்ற கதையே இக்கட்டுரை.

ஒலிபெருக்கிக்கு முன்

நாம் வாழும் தென்சென்னைக்கு ஓசை புதியதன்று. கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளில் அறுபத்துமூவர் உலாவின்போது முழங்கும் நாகசுரமும் தவிலும் வெளியரங்கிற்கென்றே பிறந்த கருவிகள். திறந்த வெளியில் அவற்றிற்கு மின்சாரத் துணை தேவைப்பட்டதில்லை. 1907-ஆம் ஆண்டு மே மாதம் பிபின் சந்திர பால் சென்னைக் கடற்கரையில் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றியபோது ஒலிபெருக்கி என்ற ஒன்றே உலகில் புழக்கத்தில் இல்லை. அலையோசையையும் மீறிப் பேச்சாளரின் தொண்டை ஒன்றே மக்களை எட்டியாக வேண்டும். நாடக மேடையிலும் இதே நிலைதான். எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) போன்றோர் உயர்ந்த சுருதியில் பாடிப் புகழ் பெற்றனர். கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்காத குரலுக்கு அன்று மேடையில் இடமில்லை.

ஆலயங்களிலும் அவ்வாறே. 1896-இல் கட்டி முடிக்கப்பட்ட சாந்தோம் பேராலயத்தின் நடுக்கூடம் 112 அடி நீளமும் 33 அடி அகலமும் கொண்டது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஆகவே அக்கூடத்தின் ஒரு முனையில் எழும் சொல் மறுமுனையை அடையவே நொடியில் பத்தில் ஒரு பங்கு பிடிக்கும். அடைந்த பிறகும் உயர்ந்த கூரையிலும் சுவர்களிலும் மோதி அது உடனே அடங்குவதில்லை. நெட்டிசைக்கும் நிதானமான இலத்தீன் பாடல்களுக்கும் அந்த முழக்கம் அழகு சேர்த்தது. வேகமாகப் பேசும் பேச்சுக்கோ அதுவே பகையாயிற்று.

மைக் வந்தது

1915-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிரிதாம், ஜென்சன் என்னும் இருவர் தம் ஒலிபெருக்கியைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினர். நம் ஊரில் ஒலிபெருக்கியைப் பாமர மக்களுக்குப் பழக்கியதில் வானொலிக்கும் பங்குண்டு. 1930 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநகராட்சி தன் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. வீட்டில் வானொலிப் பெட்டி வாங்க வசதியற்றோரும் கேட்கும்படி மெரினா கடற்கரையிலும் சில பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. 1938 ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தோன்றியது. அந்தப் பத்தாண்டில்தான் காங்கிரஸ் மேடைகளில் பம்பாயின் சிகாகோ ரேடியோ நிறுவனத்தாரின் மைக்குகள் தலைவர்கள் முன் நிற்கலாயின. 1940-இல் டெல்லியில் தொடங்கிய அஹுஜா நிறுவனத்தின் பெயர், பின்னாளில் நம் தெருமுனை வாடகைக் கடைகளில் மைக் செட்டுக்கே மறுபெயர் போலாயிற்று.

சங்கீத சபைகளும் பெருகிய காலம் அது. 1928-இல் மியூசிக் அகாடமியும், 1929-இல் மயிலையில் ரசிக ரஞ்சனி சபாவும், 1953-இல் தியாகராய நகரில் கிருஷ்ண கான சபாவும் தோன்றின. கச்சேரி மாளிகைக் கூடத்தை விட்டுப் பெரிய அரங்கிற்கு வந்தபோது மைக்கும் உடன் வந்தது. மெல்லிய குரல் உடையோரும் ஆயிரம் பேருக்குப் பாட வழி பிறந்தது. இது பெரிய நன்மையே, மறுப்பதற்கில்லை.

மேடை தன்னைத் தானே கேளாத காலம்

ஆனால் நன்மையோடு ஒரு சிக்கலும் மேடையேறியது. பாடகருக்கு ஒரு மைக் என்றால் பக்க வாத்தியத்திற்கும் ஒன்று வேண்டும். ஒருவர் ஒலியைக் கூட்டினால் அடுத்தவரும் கூட்டச் சொல்வார். போட்டி வளர வளர இசை தேய்ந்தது. இதை வெளிப்படையாக எதிர்த்தவர் மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர். 1960-களில் மைக் வைத்த மேடையில் வாசிக்க விரும்பேன் என்ற நிலையையே அவர் எடுத்தார். ஒருவர் மற்றவரின் நாதத்தைக் கேட்டுத் தம் கையை அடக்குவதும் எழுப்புவதுமே பக்க வாத்தியக் கலை. அந்தப் பொறுப்பு கருவியிடம் போய்விட்டால் கலைஞரிடம் எஞ்சுவது என்ன? இந்தக் கேள்விக்கு இன்றும் வயதாகவில்லை. மைக் இல்லாத சிறு கச்சேரிகளைச் சிலர் இன்று விரும்பி நடத்துவதும் இதனால்தான்.

மேல்நாட்டிலும் இதே கதை வேறு உருவில் நடந்தது. 1965 ஆகஸ்ட் 15-ஆம் நாள் நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் குழுவினர் 55,000-க்கும் மேற்பட்ட மக்கள் முன் பாடினர். கித்தார்களுக்கென்று 100 வாட் பெட்டிகள் தனியே செய்யப்பட்டன. அப்படியும் கூட்டத்தின் கூச்சலில், நால்வரில் ஒருவர் வாசிப்பது மற்றவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. பாடுவோரின் காதுக்கே ஒலியைத் திருப்பித் தரும் மானிட்டர் என்னும் சிறு பெட்டிகள் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில்தான் பரவலாயின.

நம் நகரிலும் 1970-களில் மெல்லிசைக் குழுக்கள் திருமண வரவேற்புகளிலும் கோயில் விழாக்களிலும் பெருகின. 1974-இல் ஐ.ஐ.டி. மாணவர்கள் 'மார்டி கிரா' என்ற கலைவிழாவைத் தொடங்கினர். 1996 முதல் அது 'சாரங்' எனப் பெயர் பெற்றது. அடையாற்றுப் பக்கத்து இளைஞர் பலருக்கு டிரம்ஸும் மின் கித்தாரும் முழங்கும் மேடையைக் காட்டிய விழா அது. அந்த ஆசை மெல்ல மெல்ல ஆலயப் பாடற்குழுக்களையும் தொட்டது.

கீற்றுக் கொட்டகையும் புதிய ஆலயமும்

இனி நம் கதைக்கு வருகிறேன். 1963 டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய சாசனத்தை வெளியிட்டது. தாய்மொழி பீடத்திற்கு வந்தது. குருவானவர் மக்களை நோக்கி நின்றார். மக்கள் வெறும் பார்வையாளராக அன்றிப் பங்கேற்பவராக அழைக்கப்பட்டனர். தமிழில் சொல்லப்படும் சொல் தமிழருக்குக் கேட்க வேண்டும் அன்றோ! எனவே தமிழும் மைக்கும் ஏறத்தாழ கைகோத்தே நம் ஆலயங்களுக்குள் வந்தன எனலாம்.

நம் பங்கு தொடங்கியபோது கீற்றுக் கொட்டகையில் பூசை நடந்தது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஓர் ஆர்மோனியம், ஒரு டோலக், பத்துப் பன்னிரண்டு குரல்கள். மைக் பீடத்தில் மட்டுமே. ஆயினும் பாட்டு தெளிவாகக் கேட்டது. பிறகு புதிய ஆலயம் எழும்பியது. கான்கிரீட் கூரை, மொசைக் தரை, பூச்சுச் சுவர். திறப்பு விழாவன்று அதே குரல்கள், அதே பாடல்கள். ஆனால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழைந்து போயின. "குரல் போதவில்லை" என்று நாங்கள் முடிவு கட்டினோம். அதுதான் முதல் தவறு.

உண்மைக் காரணத்தை அமெரிக்கப் பேராசிரியர் வாலஸ் சபைன் 1895-லேயே ஆராயத் தொடங்கியிருந்தார். ஹார்வர்டில் ஒரு புதிய விரிவுரைக் கூடத்தில் சொல்லிய சொல் ஐந்து நொடிகளுக்கு மேல் அடங்காமல் சுழன்றது. அவர் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஒலித்து, கடிகாரத்தால் அளந்து பார்த்தார். மெத்தை கூடக் கூட முழக்கம் குறைந்தது. மென்பொருள் ஓசையை உண்ணும். கல்லும் சிமெண்டும் அதைத் திருப்பி எறியும். நம் கீற்றுக் கொட்டகை முழுவதுமே ஒரு பெரிய மெத்தை போன்றது. நான்கு பக்கமும் திறப்பு வேறு. புதிய ஆலயத்தில் குறைவு குரலில் இல்லை. மிகுதி சுவரில் இருந்தது. அந்த நிலையில் ஒலியைக் கூட்டுவது, கலங்கிய குளத்தைத் தெளிய வைக்க மேலும் கலக்குவது போன்றதே.

"என்ன பாடினீங்க?"

நாங்கள் கலக்கினோம். ஆண்டுகள் செல்லச் செல்ல ஆர்மோனியத்தின் இடத்திற்குக் கீபோர்டு வந்தது. டோலக்கின் இடத்திற்கு டிரம்ஸ் வந்தது. கித்தாரும் பேஸ் கித்தாரும் சேர்ந்தன. பாடுவோருக்கு எட்டு மைக், முன்பக்கம் இரண்டு பெரிய பாக்ஸ். இளைஞர்களின் ஆர்வத்தையும் உழைப்பையும் குறை சொல்ல என் மனம் ஒப்பாது. அவர்களை ஊக்குவித்தவர்களில் நானும் ஒருவன். தவறில் எனக்கும் பங்குண்டு.

ஓர் ஆண்டு திருவிழாப் பூசை முடிந்தது. எல்லோரும் கை கொடுத்துப் பாராட்டினர். வழக்கமாக மூன்றாம் வரிசையில் அமரும் ஒரு பாட்டி தடியை ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்தார். "இசை ரொம்பப் பெரிசா இருந்துச்சு தம்பி. என்ன பாடினீங்க?" என்றார்.

பாட்டி கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அன்று பாடிய ஐந்தில் நான்கு அவர் மனப்பாடமாக அறிந்த பாடல்கள். என் முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அடுத்த ஞாயிறு நான் பாடற்குழுவில் நிற்காமல் மக்களோடு அமர்ந்தேன். அப்போது கண்டது அதைவிடப் பெரிய அதிர்ச்சி: மக்கள் பாடவில்லை! உதடு அசைந்தது சிலருக்கு. பலர் வாய் திறக்கவேயில்லை. பக்கத்தில் இருப்பவரின் குரலும், ஏன், தம் குரலும் தமக்கே கேட்காத இடத்தில் யார் பாடுவர்? கொட்டகையில் நூறு பேர் பாடினோம். ஆலயத்தில் ஆயிரம் பேர் கேட்டுக்கொண்டிருந்தோம்.

1967 மார்ச் 5-ஆம் நாள் உரோமை வெளியிட்ட திருவழிபாட்டு இசை பற்றிய ஏடு இதை முன்பே எச்சரித்திருந்தது. கருவிகள் குரலைத் தாங்கலாம். ஆனால் சொற்கள் விளங்காதபடி குரலை மூழ்கடித்தல் ஆகாது. பாடற்குழு தானே எல்லாவற்றையும் பாடி மக்களை ஊமையராக்குவதும் ஆகாது. இதுவே அதன் கருத்து. அந்த ஏட்டை நாங்கள் பின்னரே படித்தோம். பாட்டி படிக்காமலேயே சொல்லிவிட்டார்.

மைக் செட் அண்ணாச்சியின் பாடம்

பங்குத் தந்தையின் அனுமதியோடு, சபாக்களிலும் பொதுக்கூட்டங்களிலும் பல்லாண்டு மைக் செட் போட்ட ஒரு பெரியவரை அழைத்து வந்தோம். தம் பெயரை அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அண்ணாச்சி என்றே குறிப்பிடுகிறேன். அவர் ஆம்ப்ளிஃபையரைத் தொடவே இல்லை. "முதல்ல மேடையைக் குறைங்க. அப்புறம் என்கிட்ட வாங்க" என்றார். அவர் கற்பித்தவற்றைப் பிற பங்குகளுக்கும் பயன்படுமென்று இங்கே தருகிறேன்.

டிரம்ஸ் நம் ஆலய அளவிற்கு மைக் இல்லாமலே போதும். அதன் ஓசைக்கு ஈடு கொடுக்கவே மற்ற யாவரும் ஒலியைக் கூட்டுகின்றனர். ஆகவே அது இறங்கினால் எல்லாம் இறங்கும். மூலைச் சுவர்கள் தாழ்ந்த ஓசையைப் பெருக்கிக் காட்டும் என்பதால் டிரம்ஸை மூலையிலிருந்து நகர்த்தினோம். அடியில் சமுக்காளம் விரித்தோம். மெல்லிய குச்சிகளைப் பயன்படுத்தினோம்.

கித்தார் பெட்டி தரையில், வாசிப்பவரின் முழங்காலை நோக்கி இருந்தது. முழங்காலுக்குக் காது ஏது? அவருக்குக் கேட்கவில்லை, அதனால் கூட்டுவார். முன்வரிசைக்கோ காது கிழியும். பெட்டியை நாற்காலியில் ஏற்றி அவர் காதை நோக்கிச் சாய்த்தோம். அவரே பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

பாடுவோர் மைக்கிற்கு நான்கு அங்குலத் தொலைவிலிருந்து இரண்டு அங்குலத்திற்கு வந்தாலே ஏறத்தாழ 6 டெசிபெல் கூடுதலாகக் கிடைக்கும். அதே பயனை ஆம்ப்ளிஃபையரில் பெற வேண்டுமானால் நான்கு மடங்கு வாட் செலவாகும். மைக் கீச்சென்று கத்துவதும் புதிரன்று. ஒலிபெருக்கியின் ஓசை மைக்கிற்குள் மீண்டும் புகுந்து, மீண்டும் பெருகி, வட்டமிடுகிறது. இதை டென்மார்க் அறிஞர் லார்சன் பெயரால் அழைப்பர். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்குந்தோறும், கத்தாமல் ஒலியை உயர்த்தும் இடம் 3 டெசிபெல் சுருங்கும். எனவே எட்டு மைக் நான்காயிற்று. பாக்ஸ்கள் பாடுவோருக்கு முன்பாக, மக்கள் பக்கமாக நகர்ந்தன. மானிட்டர் மைக்கின் முதுகுப் பக்கம் வந்தது. நம் மைக் வகைக்கு முதுகுப் பக்கத்தில்தான் காது மந்தம். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பாடினால் அந்த மந்தம் போய்க் கத்தத் தொடங்கும். ஆகவே அந்தப் பழக்கமும் நின்றது.

இறுதியாக, இரண்டு பெரிய பாக்ஸை ஓங்கி ஒலிக்க விடுவதற்குப் பதில், தூண்தோறும் நெடிய சிறு ஒலிபெருக்கிகளை வைத்து மெல்ல ஒலிக்கச் செய்தோம். இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் 1950-களின் தொடக்கத்திலேயே இம்முறை கையாளப்பட்டது. பின்வரிசை ஒலிபெருக்கி சற்றுத் தாமதித்து ஒலிக்கும்படியும் அங்கே அமைத்தனர். அதனால் தூண் பேசுவதாகத் தோன்றாமல் பீடத்திலிருந்தே குரல் வருவதாகத் தோன்றியது. இன்று அந்தத் தாமதத்தைச் சிறு கருவியே செய்து தருகிறது. காலி ஆலயத்தில் சரியாக இருக்கும் அளவு நிறைந்த ஆலயத்தில் மாறும் என்பதையும் மறத்தலாகாது. மக்களின் உடலும் உடையும் ஓசையை உண்ணும். ஆகவே பூசை நேரத்தில் ஒருவர் கடைசி வரிசைவரை நடந்து கேட்டு வருவது வழக்கமாயிற்று.

காதும் ஓர் உறுப்பே. 85 டெசிபெல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்றால், 3 டெசிபெல் கூடுந்தோறும் அந்நேரம் பாதியாகும் என்பது வல்லுநர் கணக்கு. 100 டெசிபெலில் கால் மணி நேரமே. டிரம்ஸ் அருகில் வாரந்தோறும் மணிக்கணக்கில் ஒத்திகை பார்க்கும் நம் பிள்ளைகளின் பெற்றோர் இதை நினைவிற்கொள்க.

மதிலுக்கு அப்பால்

நம் மதிலுக்கு வெளியிலும் காதுகள் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என வரையறுத்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. நம் சென்னையிலேயே எழுந்த வழக்கொன்று உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய குடியிருப்பு ஒன்றின் நலச்சங்கத்தார், அங்கிருந்த ஜெப ஆலயத்தின் ஒலிபெருக்கி, டிரம்ஸ், கித்தார் ஓசை பற்றி முறையிட்டனர். சாலை வாகனங்களின் இரைச்சலும் அவ்வழக்கில் பேசப்பட்டது. 2000 ஆகஸ்ட் 30-ஆம் நாள் வந்த தீர்ப்பு தெளிவானது: பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியில் வழிபடுமாறு எந்தச் சமயமும் விதிக்கவில்லை. குழந்தைகளையும் முதியோரையும் நோயாளிகளையும் நீதிபதிகள் தனியே நினைவுகூர்ந்தனர்.

நமக்கும் அப்படியொரு நினைவூட்டல் வந்தது. ஆனால் நீதிமன்றத்திலிருந்து அன்று. பக்கத்துத் தெருவில் வசித்த ஒரு மாமா, நவநாள் மாலையொன்றில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "ஃபாதர், உங்க பாட்டு எங்க வீட்டுல எல்லாருக்கும் பிடிக்கும். பொண்ணுக்கு பரீட்சை. ஒரு வாரம் கொஞ்சம் குறைச்சா உபகாரமா இருக்கும்" என்றார். பங்குத் தந்தை அன்றே வெளிப்புறக் குழாய் ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னார். ஒரு வாரத்திற்கு நின்றது, பின்னர் நிரந்தரமாகவே நின்றுவிட்டது. கொடியேற்றத்தன்றும் தேர்பவனியன்றும் மட்டும், உரிய அனுமதியோடு, குறித்த நேரத்திற்குள் ஒலிக்கிறது. அந்தப் பெண் தேர்ச்சி பெற்றபோது நம் அறைவீட்டிற்கு இனிப்புப் பொட்டலம் வந்ததைச் சொல்லாமல் விடலாகாது.

நிறைவாக

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. "சத்தம் இல்லாட்டி உற்சாகமே இருக்காது அங்கிள்" என்று முகம் வாடிய இளைஞர்களும் உண்டு. அவர்கள் சொன்னதிலும் உண்மையில்லாமல் இல்லை. திருவிழாவுக்கு முழக்கம் வேண்டும்தான். ஆனால் சில வாரங்களில், எங்கோ நடு வரிசைகளிலிருந்து ஒரு பல்லவி எழுந்து பாடற்குழுவை எட்டியது. டிரம்ஸ் வாசித்த தம்பி குச்சியை அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "அங்கிள், ஜனங்க பாடுறாங்க!" என்றான். அதன்பின் யாரும் அவனிடம் குறைக்கச் சொல்ல நேரவில்லை.

அந்தப் பாட்டி இறைவனடி சேர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் சனிக்கிழமை ஒத்திகைதோறும் நம் பாடற்குழுவில் ஒரு வழக்கம் உண்டு. புதிய பாடல் ஒன்றை முதலில் மைக் இல்லாமல் பாடுவோம், பின் கருவிகளோடு, பின் மைக்கோடு. அப்பாடலை அறியாத ஒருவரைப் பாட்டி அமர்ந்த மூன்றாம் வரிசையில் உட்கார வைத்து, "என்ன பாடினோம்?" என்று கேட்போம். அவர் சொல்லிவிட்டால் ஞாயிறன்று அப்பாடல் உண்டு. சொல்ல முடியாவிட்டால் மேடையைக் குறைத்து மறுபடி பாடுவோம்.

பொன்விழாக் கண்ட நம் பங்கில் இந்த வழக்கம் வைரவிழாவிலும் தொடர வேண்டும். மூன்றாம் வரிசையில் அமர இவ்வாரம் யார் வருகிறீர்கள்?